காய்க்காத கொடியும் ஓர் அடிமைச் சிறுவனும்

வெனிலாவின் நறுமணத்தை அறியாதவர் இன்று அரியர். எனினும் அம்மணம் ஒரு கொடியின் காயிலிருந்து பிறப்பது என்பதையும், அக்கொடியைத் தாயகத்துக்கு வெளியே பயிராக்க வழிகண்டவன் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் என்பதையும் அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. (நாம் உண்ணும் ஐஸ்கிரீமிலும் கேக்கிலும் பெரும்பாலும் இருப்பது கொடி தந்த மணமன்று; 1874 இல் ஜெர்மானிய வேதியியலார் ஆக்கிக்காட்டிய செயற்கை வெனிலினின் வழிவந்ததே. அது வேறு கதை.)

வெனிலா, ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த படர்கொடி. மெக்சிகோவின் கிழக்குக் கரைக் காடுகளில், கணுக்கள்தோறும் வேர்விட்டு மரங்களைப் பற்றி ஏறுகிறது. அங்கு வாழும் தொத்தொனாக் மக்கள் அதனை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அஸ்டெக்குகள் அதனைத் தம் கொக்கோ பானத்தில் சேர்த்தனர். ஸ்பானியர் வழியே பதினாறாம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவுக்குச் சென்றது.

இக்கொடியின் பூ காலையில் விரிந்து, பகல் முடியுமுன் வாடிவிடும். மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே மெல்லிய மடல் ஒன்று திரைபோல் நிற்கிறது. ஆணும் பெண்ணும் ஒரே பூவிலிருந்தும் ஒன்றையொன்று தீண்ட இயலாது. இடையே ஒரு தூதுவர் வேண்டும். நம் நாட்டுக் கொசுத்தேனீயின் உறவான மெலிபோனாத் தேனீயே அத்தூதுவர் என்று நூல்கள் நெடுநாள் எழுதிவந்தன. பின்வந்த ஆய்வாளர் பலர், பச்சை உலோகம்போல் மின்னும் ஆர்க்கிட் தேனீக்களையே சுட்டுகின்றனர். இவற்றுள் ஆண்கள் பூக்களிலிருந்து நறுமணப் பொருள்களைத் திரட்டிப் பின்னங்கால்களில் சேமித்து வைப்பவை. எத்தேனீயாயினும் அது அமெரிக்கக் காட்டுக்கே உரியது. காட்டிலும் காய்ப்பவை மிகச் சில பூக்களே.

ஐரோப்பியர் கொடியைக் கப்பலேற்றினர். தேனீ உடன் வரவில்லை. சென்றவிடமெல்லாம் கொடி தழைத்தது, பூத்தது, காய்க்க மறுத்தது. 1836 இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சார்ல் மோரான் என்னும் தாவரவியலார், கண்ணாடிக் கூடத்தில் தம் கையாலேயே மகரந்தம் சேர்த்துக் காய் விளைவித்தார். அம்முறை தோட்டத் தொழிலுக்குப் பயன்படும் எளிமை பெறவில்லை.

இந்துமாக்கடலில், அன்று பூர்போன் என வழங்கிய ரீயூனியன் தீவுக்கு வருவோம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட அத்தீவுக்கு 1820 ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெனிலா கொண்டுவரப்பட்டது. சேன்த் சூசான் ஊரில் ஃபெரெயோல் பெல்லியே போமோன் என்பவரின் தோட்டத்தில் அக்கொடி ஏறத்தாழ இருபதாண்டுகள் மலடாகவே நின்றது. அவரிடம் எத்மோன் என்ற அடிமைச் சிறுவன் இருந்தான். 1829 இல் பிறந்தவன். பிறந்தபோதே தாயை இழந்தவன். எழுத்தறிவு அவனுக்குத் தரப்படவில்லை. ஆயினும் எசமானருடன் தோட்டத்தைச் சுற்றிவந்து செடிகொடிகளைப் பற்றிக் கற்றான். பூசணி இனக்கொடி ஒன்றில் ஆண்பூவைப் பெண்பூவுடன் அவர் சேர்ப்பதையும் கண்டிருந்தான்.

1841 இல் ஒருநாள் அக்கொடியில் இரண்டு காய்கள் தொங்கக் கண்டு எசமானர் வியந்தார். அது தன் கைவேலை என்றான் சிறுவன். அவர் நம்பவில்லை. சில நாட்களில் மற்றுமொரு காய் தோன்றவே, செய்துகாட்டுமாறு பணித்தார். எத்மோன் ஒரு சிறு மூங்கிற் குச்சியால் திரைபோன்ற மடலை உயர்த்தி, மகரந்தத் திரளைக் கட்டைவிரலால் சூல்முடியில் அழுத்தினான். சில நொடி வேலை! மோரான் தாவரவியல் பயின்றவர். இவன் பூவைக் கூர்ந்து நோக்கியவன்.

பிற தோட்டக்காரர்கள் அவனை வரவழைத்துத் தம் அடிமைகளுக்குக் கற்பிக்கச் செய்தனர். 1848 இல் 50 கிலோவாக இருந்த தீவின் ஏற்றுமதி, 1898 இல் 200 டன்னாயிற்று. மடகாஸ்கருக்கும், முஸ்லிம்கள் பெரும்பான்மையராய் வாழும் கொமொரோத் தீவுகளுக்கும் இக்கைத்தொழில் பரவியது. அங்கெல்லாம் பூக்காலத்தில் பூவுக்குப் பூ மனிதக் கைகளே இன்றும் தேனீயின் வேலையைச் செய்கின்றன.

1848 இல் அடிமைமுறை ஒழிந்தது. (ஆலைகளுக்கும் கரும்புக்காடுகளுக்கும் ஆள் தேடியபோது புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியே நம் தமிழர் பெருந்தொகையாக அத்தீவுக்குக் கப்பலேற்றப்பட்டது அதன்பின் நிகழ்ந்ததே.) விடுதலை பெற்ற எத்மோனுக்கு அல்பியுஸ் என்ற குடும்பப்பெயர் சூட்டப்பட்டது. பெயர் கிடைத்தது, பொருள் கிடைக்கவில்லை. சமையற்கூடத்தில் வேலை பார்த்தவர், 1852 இல் நகைத்திருட்டு வழக்கில் ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். தீவுக்கு அவர் ஆற்றிய நன்மையை எடுத்துக்காட்டி விண்ணப்பித்த பின்னரே மூன்றாண்டில் விடுவிக்கப்பட்டார்.

அவருடைய கண்டுபிடிப்புக்கும் உரிமை கோர ஒருவர் முன்வந்தார். ரிஷார் என்னும் தாவரவியலார், முன்னரே தாம் அத்தீவில் அம்முறையைக் கற்பித்ததாகவும் அதைச் சிறுவன் பார்த்திருக்க வேண்டும் என்றும் கூறினார். பெல்லியே போமோன் தம் நண்பரான ரிஷாரை மறுத்து, எத்மோனுக்காகச் சான்று எழுதினார். நமக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. முறை முன்பே தெரிந்திருக்குமாயின், தோட்டக்காரர்கள் ஓர் அடிமைச் சிறுவனைத் தேடி அழைத்திருக்கத் தேவையென்ன?

எத்மோனுக்கு உதவித்தொகை வழங்குமாறு அப்பழைய எசமானர் அரசிடம் வேண்டினார். பயனில்லை. 1880 ஆகஸ்டில் சேன்த் சூசான் மருத்துவமனையில் எத்மோன் அல்பியுஸ் வறியவராய் இறந்தார்.