குழல் முனையில் ஒரு மில்லிமீட்டர்

தில்லிக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் துப்பாக்கியைக் கிட்டத்தில் பார்த்தது கல்யாண ஊர்வலங்களில் மட்டும்தான் (பார்த்ததும் எதிர்த்திசையில் நடையைக் கட்டிவிடுவேன்). அப்பேர்ப்பட்ட என்னிடம் வந்து, "அண்ணா, எந்த சோக் வாங்கலாம்?" என்று கேட்டார் அலுவலக நண்பர் சௌத்ரி சாப்.

சௌத்ரி சாப் ஹரியானாக்காரர். என்னைவிட நாலு வயது பெரியவர். ஆனாலும் நான்தான் அவருக்கு அண்ணா. தமிழன் என்றால் அப்படித்தான் கூப்பிடவேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், நானும் திருத்துவதில்லை.

எனக்குத் தெரிந்த சோக் இரண்டு. ஒன்று ட்யூப்லைட்டில் இருப்பது, இன்னொன்று குளிர்காலத்தில் பைக்கைக் கிளப்ப இழுப்பது. இவர் கேட்டது மூன்றாவது. அவர் பெண் டிராப் ஷூட்டிங் ஆடுகிறாள். பறக்கும் களிமண் தட்டை பன்னிரண்டு போர் துப்பாக்கியால் சுடும் போட்டி. 125 தட்டு கொண்ட ஒரு தகுதிச் சுற்றில் ஒரே ஒரு தட்டில் வாய்ப்பு போய்விட்டது. "துப்பாக்கியோட சோக் சரியில்லை. வெளிநாட்டு செட் ஒன்று வாங்கினால் சரியாகிவிடும்" என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். பெண்ணின் கல்யாணத்துக்குப் போட்டு வைத்த வைப்புத்தொகையை உடைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார் மனிதர். "நீங்க மெக்கானிக்கல் இன்ஜினியர்தானே, பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

வைப்புத்தொகை என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் வரலாறுதான் அதிகம் ருசித்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சோக் என்றால் என்ன? ரைஃபிளிலிருந்து போவது ஒரு குண்டு. ஷாட்கன்னிலிருந்து போவது சின்னச் சின்ன ஈய ரவைகளின் கூட்டம். குழலை விட்டு வெளியே வந்ததும் கூட்டம் விரிய ஆரம்பிக்கும். தோட்டக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீரின் போக்கு மாறுகிறதல்லவா, அந்த மாதிரி குழலின் முனையைக் கொஞ்சம் குறுக்கினால் ரவைகள் சீக்கிரம் சிதறாமல் சேர்ந்து போகும். அந்தக் குறுக்கம்தான் சோக். பன்னிரண்டு போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ. அதில் 'ஃபுல்' சோக் குறுக்குவது ஏறத்தாழ 1 மி.மீ. 'மாடிஃபைட்' அரை மி.மீ., 'இம்ப்ரூவ்டு சிலிண்டர்' கால் மி.மீ. மொத்த அரசியலும் இந்த ஒரு மில்லிமீட்டருக்குள்தான்.

இதை யார் கண்டுபிடித்தார்கள் என்பதில் 150 வருடமாகச் சண்டை. இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்து டபிள்யூ. ஆர். பேப் என்ற துப்பாக்கிக்காரர் 1866-ல் காப்புரிமை எடுத்தார். அமெரிக்காவில் சில்வெஸ்டர் ரோப்பர் 1868-ல், கழற்றி மாட்டக்கூடிய சோக்குக்கே காப்புரிமை வாங்கிவிட்டார். இன்று சௌத்ரி சாப் வாங்கத் துடித்த திருகு சோக்கின் கொள்ளுத்தாத்தா அது. இவர்களுக்கு நடுவில் இல்லினாய் மாநிலத்து வாத்து வேட்டைக்காரர் ஃப்ரெட் கிம்பிள். அவர் சொன்ன கதை சுவாரசியமானது. ஒரு குழலை முனையில் அதிகமாகக் குறுக்கிவிட்டார். சுட்டுப் பார்த்தால் ரவை தாறுமாறாகப் போகிறது. குழல் வீணாகிவிட்டது என்று நினைத்து, பழையபடி நேர்க்குழலாக்கக் குடைய ஆரம்பித்தார். பாதி குடைந்ததும் சும்மா ஒரு முறை சுட்டுப் பார்த்தார். அதுவரை பார்த்திராத அளவுக்கு ரவைகள் நெருக்கமாக விழுந்தன!

கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பந்தா என்பது வேறு விஷயம். எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான். பாதியில் நிறுத்தி சுட்டுப் பார்த்தார் பாருங்கள், அது.

அடுத்து பர்மிங்ஹாம் நகரத்து டபிள்யூ. டபிள்யூ. கிரீனர். சோக்கை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் இவர். 1874-ல் தன் துப்பாக்கி இவ்வளவு நெருக்கமாகச் சுடும் என்று அறிவித்தார். பலர் நம்பவில்லை. 'தி ஃபீல்ட்' பத்திரிகை 1875-ல் லண்டனில் ஒரு பொதுச் சோதனை வைத்தது. நேர்க்குழல் துப்பாக்கிகளும் சோக் துப்பாக்கிகளும் மோதின. தீர்ப்பு சொன்னது நீதிபதி இல்லை, காகிதம். காகித இலக்கில் சுட்டு, விழுந்த ஓட்டைகளை எண்ணினார்கள். சோக் ஜெயித்தது. விவாதம் முடிந்தது.

அன்று வந்த அளவுமுறை இன்றும் அப்படியே இருக்கிறது. 40 கஜ தூரத்தில் 30 அங்குல வட்டம். தோட்டாவில் உள்ள ரவையில் 70 சதவீதம் வட்டத்துக்குள் விழுந்தால் அது ஃபுல். 60 என்றால் மாடிஃபைட், 50 என்றால் இம்ப்ரூவ்டு சிலிண்டர். குறுக்கமே இல்லாத நேர்க்குழலுக்கு 40.

இதே காலத்தில் இலக்கும் மாறியது. முதலில் உயிருள்ள புறாக்களைப் பெட்டியிலிருந்து பறக்கவிட்டுச் சுட்டார்கள். 'டிராப்' என்ற பெயர் அந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட அந்தக் கொடுமை நடந்தது. பெல்ஜியத்தின் லியோன் தெ லுண்டன் 21 புறாக்களைக் கொன்று முதலிடம் பெற்றார். நல்லவேளை, 1880-லேயே சின்சினாட்டியின் ஜார்ஜ் லிகௌஸ்கி களிமண் தட்டைக் கொண்டுவந்திருந்தார். இன்றைய தட்டு 11 செ.மீ. அகலம், 105 கிராம் எடை. பெயரில் மட்டும் இன்னும் 'க்ளே பிஜன்'.

நம் ஊருக்கு வருவோம். இங்கே இது ராஜாக்களின் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. பிகானேர் மகாராஜா கர்ணி சிங் 1952 முதல் 1977 வரை மக்களவை உறுப்பினர், ஐந்து ஒலிம்பிக் கண்டவர். 1962 கெய்ரோ உலகப் போட்டியில் டிராப் பிரிவில் முதலிடத்துக்குச் சமநிலை வந்து, ஷூட்-ஆஃபில் தோற்று வெள்ளி வாங்கினார். தில்லி துக்ளகாபாத்தில் 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய ரேஞ்சுக்கு இன்று அவர் பெயர்தான். அப்புறம் 2004 ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் டபுள் டிராப்பில் வெள்ளி வாங்கியதும் சாதாரண வீட்டுப் பிள்ளைகளும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். நம்ம புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்துப் பிருத்விராஜ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் ஆடினார். அதே பாரிஸில் கலப்பு ஸ்கீட் பிரிவில் நம் ஜோடி அனந்த்ஜீத் சிங் நருக்கா, மகேஷ்வரி சௌஹான் வெண்கலத்தை இழந்தது 43-க்கு 44 என்று. ஒரே ஒரு தட்டு.

அந்த ஒரு தட்டுதான் சௌத்ரி சாப்பைத் தூங்கவிடவில்லை. அதில் சோக்கின் பங்கு எவ்வளவு?

ஒரு சின்னக் கணக்கு போட்டேன். விதிப்படி இன்று தோட்டாவில் ரவை 24 கிராம்தான் (ஒரு காலத்தில் 32, பிறகு 28). 2.4 மி.மீ. ரவை என்றால் சுமார் 300 உருண்டைகள். ஃபுல் சோக்கில் வட்டத்துக்குள் 210 விழும். வட்டத்தின் பரப்பு 4,560 ச.செ.மீ. தட்டு நமக்குப் பக்கவாட்டில், விளிம்பு மட்டும் தெரிகிற மாதிரி போனால் சுமார் 25 ச.செ.மீ.தான் தெரியும். வகுத்துப் பார்த்தால் 40 கஜத்தில் ஒரு தட்டுக்குச் சராசரியாக ஒரே ஒரு ரவை! இம்ப்ரூவ்டு சிலிண்டரில் அதுகூட இல்லை. நடுவில் கொஞ்சம் நெருக்கம், ஓரத்தில் இன்னும் மோசம். அதனால்தான் தூரத்து தட்டைச் சுடும் டிராப்பில் இறுக்கமான சோக், இருபது மீட்டர் பக்கத்தில் சுடும் ஸ்கீட்டில் கிட்டத்தட்ட திறந்த குழல். டிராப்பில் தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா உண்டு. முதல் குழலில் கொஞ்சம் தளர்வு, தட்டு தூரம் போனபின் சுடும் இரண்டாவது குழலில் ஃபுல் என்று வைப்பது வழக்கம்.

அப்படியென்றால் இன்னும் இறுக்கினால் இன்னும் நல்லதுதானே? இல்லை. இறுக்க இறுக்க வட்டம் சின்னதாகும், குறி தப்பினால் மன்னிப்பு கிடையாது. ரொம்ப இறுக்கினால் கிம்பிளுக்கு நடந்த மாதிரி ரவை சிதறவும் செய்யும்.

"சௌத்ரி சாப், வாங்குவதற்கு முன் 1875-ல் செய்ததை நாமும் செய்வோம்" என்றேன். ஙே என்று பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பயிற்சியாளரிடம் அனுமதி வாங்கி, பெரிய காகிதங்களை ஒட்டி வட்டம் போட்டோம். 35 மீட்டர் தூரம். அவளிடம் ஏற்கெனவே இருந்த இரண்டு சோக், இரண்டு கம்பெனித் தோட்டா, ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று காகிதம். பன்னிரண்டு காகிதத்தையும் வீட்டுக்கு எடுத்து வந்து பென்சிலால் ஓட்டைகளை எண்ணினேன். "ஆபீஸில் ஆணி பிடுங்குவது போதாதா?" என்றாள் மனைவி.

எண்ணியதில் இரண்டு விஷயம் தெரிந்தது. சோக் இரண்டும் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. தோட்டா கம்பெனி மாறியதும் வட்டத்துக்குள் இருபது முப்பது ரவை வித்தியாசம் வந்தது, அவ்வளவுதான். இரண்டாவதுதான் முக்கியம். பன்னிரண்டு காகிதத்திலும் ரவைக் கூட்டத்தின் நடு, இலக்கிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி இருந்தது.

பயிற்சியாளர் காகிதங்களைப் பார்த்தார், அவள் துப்பாக்கியைத் தோளில் வைப்பதைப் பார்த்தார், சிரித்துவிட்டார். துப்பாக்கி அவளுடையது இல்லை, அண்ணனுடையது. மரக்கட்டையில் கன்னம் பதியும் இடம் அவன் முகத்துக்குச் செதுக்கியது. இவள் கண் குழலின் நேர்கோட்டுக்கு இடப்பக்கம் நிற்கிறது. கண் நிற்கும் பக்கம்தான் ரவையும் போகும். உலகத்தின் எந்த சோக்கை மாட்டினாலும் அது போகாது.

"ஏன் பேட்டி சொல்லவில்லை?" என்று கேட்டார் அப்பா. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணன் துப்பாக்கி கொடுத்ததே பெரிய விஷயம் பாப்பா" என்றாள். (அங்கே அப்பாவைத்தான் பாப்பா என்பார்கள்.) சௌத்ரி சாப் வெகுநேரம் பேசவில்லை.

கட்டையைக் கன்னப்பக்கம் சில மி.மீ. செதுக்கி, நீளத்தைக் குறைத்து, புது ரப்பர் பேட் போட்டார்கள். வைப்புத்தொகை பிழைத்தது. மிச்சப் பணத்தில் நல்ல காதடைப்பானும், வெளிச்சத்துக்குத் தகுந்தபடி மாற்றக்கூடிய கண்ணாடியும் வாங்கச் சொன்னேன். தில்லிப் பனிமூட்டத்தில் ஆரஞ்சுத் தட்டு கண்ணுக்குத் தெரிந்தால்தானே சோக்குக்கு வேலை! ஐந்தாறு சோக் வாங்கி மாற்றி மாற்றித் திருகுவதைவிட, ஒன்றில் நிலைத்து, அதற்குப் பொருந்தும் தோட்டாவைக் காகிதத்தில் கண்டுபிடிப்பது மலிவு. மரைக்குக் கொஞ்சம் கிரீஸ், சுடுவதற்கு முன் இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு பார்வை. அவ்வளவுதான் பராமரிப்பு.

பதக்கம் ஒன்றும் இன்னும் வரவில்லை. போன போட்டியில் முன்பைவிட மூன்று தட்டு கூட உடைத்தாள். ஆனால் அடுத்த சீசனுக்குள் அவள் பெயரில், அவள் அளவுக்கு ஒரு துப்பாக்கி வாங்க உரிமத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார் சௌத்ரி சாப். அதற்கு அந்த வைப்புத்தொகையை உடைக்கப் போகிறாராம். இந்த முறை நான் தடுக்கவில்லை.