பேச்சுக் குமிழியின் வரலாறு

சித்திரக்கதையொன்றைப் புரட்டுவோர் கதைமாந்தரின் வாயருகே வெண்ணிற வட்டமொன்றையும் அதனுள்ளே சில சொற்களையும் காண்பர். பேச்சுக் குமிழி எனப்படும் இவ்வட்டம், சிறுவர்க்குரிய எளியதோர் உத்தியாகவே பலராலும் கருதப்பட்டு வந்துள்ளது. எனினும், அதன் வரலாற்றைக் கலைஞரின் கற்பனை மாத்திரம் உருவாக்கவில்லை. அவ்வக்காலத்து அச்சுத் தொழினுட்பமும், எவருடைய பேச்சு எழுத்தில் இடம்பெறத்தக்கது என்ற சமூக மதிப்பீடும் அதனை நிர்ணயித்து வந்துள்ளன. இதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேச்சை வரைந்து காட்டும் முயற்சி மிகப் பழைமையானது. மெக்சிக்கோவின் தியோத்திவாக்கான் நகரச் சுவரோவியங்களில் மாந்தரின் வாயிலிருந்து சுருள்கள் வெளிப்படுகின்றன. அவற்றில் எழுத்து இல்லை. பேச்சு நிகழ்கின்றது என்பதை மட்டுமே அவை உணர்த்துகின்றன. மத்தியகால ஐரோப்பியச் சமய ஓவியங்களிலோ எழுத்துப் பொறித்த நாடாச் சுருள்களைக் காண்கிறோம். யான் வான் ஐக் 1432இல் நிறைவுசெய்த கெண்ட் நகரப் பலிபீட ஓவியத்தில், தேவதூதருக்கு மரியாள் அளிக்கும் மறுமொழி தலைகீழாக எழுதப்பட்டுள்ளது. மேலிருந்து நோக்கும் இறைவனுக்காகவே அவ்வாறு எழுதப்பட்டது என அறிஞர் விளக்குவர். அத்தகைய ஓவியங்களில் எழுத்துப் பெறுவது பெரும்பாலும் திருமறை வாசகமே. சாதாரண மனிதரின் பேச்சன்று.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் கில்ரே முதலான ஆங்கிலக் கேலிச்சித்திரக்காரர் குமிழியை அரசியற் கேலிக்குப் பயன்படுத்தினர். மன்னரும் அமைச்சரும் தம் வாயாலேயே தம்மை இகழ்ந்துகொள்ளுமாறு அவர்கள் வரைந்தனர். ஆயினும், அடுத்த நூற்றாண்டின் ஐரோப்பியச் சித்திரக்கதைகளில் சொற்கள் படத்தினின்றும் விலகிக் கீழிறங்கின. 1830களில் ஜெனீவா ஆசிரியரான ரொடொல்ஃப் டொப்ஃபரும், 1865இல் ‘மக்ஸும் மோரிட்ஸும்’ நூலை வெளியிட்ட ஜேர்மனியரான வில்ஹெல்ம் புஷ்ஷும் படத்தின் கீழேயே எழுத்தை அமைத்தனர். புஷ்ஷின் நூலில் மரச்செதுக்குப் படம் ஒருபுறம், அச்சுக்கோத்த செய்யுள் மறுபுறம் எனப் பிரிந்து நின்றன. அக்குறும்புச் சிறுவரின் கதையைச் சொன்னது ஆசிரியரின் செய்யுட் குரலேயாகும்.

இந்நிலையில் திருப்பம் அமெரிக்கச் செய்தித்தாள்களில் ஏற்பட்டது. 1896 ஒக்டோபர் 25இல் ‘நியூயோர்க் ஜேர்னல்’ பத்திரிகையில் ரிச்சர்ட் அவுட்கோல்ட் வரைந்த ‘மஞ்சள் பையன்’ தொடரின் பகுதியொன்று வெளிவந்தது. சேரிச் சிறுவனான அவனுடைய கொச்சை ஆங்கிலம் வழமையாக அவனது மஞ்சட் சட்டையிலேயே எழுதப்பட்டிருக்கும். இப்பகுதியில் ஓர் ஒலிப்பதிவுப் பெட்டி குமிழிகள் வாயிலாகப் பேசுகின்றது. இறுதியில் உள்ளிருந்து கிளி வெளிப்பட, சிறுவனும் குமிழியிலேயே பேசுகிறான். எடிசன் 1877இல் உருவாக்கிய கருவி குரலை உடலினின்றும் பிரித்துக் காட்டிய காலத்தில், குமிழியும் வாசகமாக அன்றி ஒலியாக வாசிக்கப்படலாயிற்று எனலாம். 1897இல் ருடொல்ஃப் டேர்க்ஸ் தொடங்கிய ‘கட்சென்ஜாமர் கிட்ஸ்’ புஷ்ஷின் சிறுவரையே முன்மாதிரியாகக் கொண்டது. ஆயின், நாளடைவில் இச்சிறுவர் செய்யுளைத் துறந்து, ஜேர்மன் குடியேறிகளின் கலப்பு ஆங்கிலத்தைத் தம் வாயாலேயே பேசலாயினர்.

இம்மாற்றத்தை எல்லோரும் வரவேற்றனர் அல்லர். 1908இல் இத்தாலியில் தோன்றிய ‘கொரியெரே டெய் பிக்கோலி’ என்னும் சிறுவர் இதழ், அமெரிக்கத் தொடர்களிலிருந்த குமிழிகளை நீக்கிவிட்டு, படத்தின் கீழ் எதுகையமைந்த அடிகளைச் சேர்த்தது. தெருப்பேச்சு அகற்றப்பட்டு ஆசிரியர் குரல் மீண்டும் அமர்த்தப்பட்டது என்பதே இதன் பொருள். பிரான்சில் அலன் சென்தொகான் 1925இல் தொடங்கிய ‘சிக் எ ப்யூஸ்’ தொடரே குமிழியை நிலைபெறச் செய்தது. இத்தாலியிலும் ஈற்றில் குமிழியே வென்றது. இன்று அந்நாட்டில் சித்திரக்கதைக்கு வழங்கும் ‘ஃபுமெத்தி’ என்னும் பெயர், குமிழியைக் குறிக்கும் ‘சிறு புகைகள்’ என்ற பொருளுடையதே.

வாசகன் பேச்சைக் கேட்பதற்கு ஏற்ற குறியீடுகளும் வளர்ந்தன. வால் பேசுபவரைச் சுட்டும். கூரிய விளிம்பு கூச்சலையும், முறிந்த கோடு இரகசியப் பேச்சையும், முகில் வடிவம் எண்ணத்தையும் உணர்த்தும். ஆயினும் ஒரு தடை எஞ்சியிருந்தது. குமிழி படத்துடன் சேர்த்தே மையால் வரையப்பட்டமையால், ஒரு மொழிக்கு அளந்து வரைந்த குமிழியினுள் பிறமொழி நெருக்குண்டது. 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ், பிரித்தானியத் தொடரொன்றை ‘இரும்புக்கை மாயாவி’ எனத் தமிழில் தந்தபோது, ஆங்கிலச் சொற்களுக்கென அமைந்த இடத்தினுள் நீண்ட தமிழ்ச் சொற்களை அடக்கவேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பின் நடையையும் இவ்விடநெருக்கடி பாதித்தது இயல்பே.

இத்தடையைத் தளர்த்தியது கணினியாகும். 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷொப் மென்பொருள், 1994இல் அடுக்குமுறையைப் பெற்றது. 1998இல் எழுத்துக்களைப் பின்னரும் திருத்தும் வசதியைப் பெற்றது. 1996இல் கிம்ப் என்னும் கட்டற்ற மென்பொருளும் வந்து சேர்ந்தது. படம் ஓர் அடுக்கிலும், குமிழி வேறோர் அடுக்கிலும், சொல் அதற்கு மேலும் அமையுமிடத்து, முதலிற் சொல்லை எழுதி அதன் அளவுக்கேற்பக் குமிழியை வரையலாம். இவ்வகையில், குமிழிக்குச் சொல் அடங்கிய நிலை மாறி, சொல்லுக்குக் குமிழி அடங்கும் நிலை தோன்றியது. எனினும் தமிழுக்கு இவ்விடுதலை உடனே கிட்டவில்லை. 1991இலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றிருந்தும், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம்மாறித் தோன்றும் குறை படமென்பொருள்கள் பலவற்றில் நெடுங்காலம் நீடித்தது.

1960களில் ஈழத்து ஆக்க இலக்கியத்திற் பேச்சுவழக்குக்கு இடமுண்டா என எழுந்த ‘இழிசனர் வழக்கு’ விவாதத்தை அறிந்தோர்க்கு, இத்தாலிய இதழின் செயல் புதியதாகத் தோன்றாது. இரண்டிடத்தும் எழுந்த வினா ஒன்றே: மக்கள் பேசியவாறே எழுத்தில் தோன்றலாமா? கருவி இன்று பெரும்பாலும் நம் கைவசமாகிவிட்டது. குமிழியினுள் எவருடைய தமிழ் ஒலிக்கப்போகின்றது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது மென்பொருளன்று; அதனைக் கையாளும் நம் தலைமுறையே.