வாகனக் காப்புறுதி: எதற்குக் கைகொடுக்கும், எங்கே கைவிடும்?

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடா, இலண்டன் உறவுகள் உடுவிலுக்கு வந்தால், வீட்டு மோட்டார் சைக்கிளின் திறப்பைக் கொடுத்துவிடுகிறோம். காப்புறுதிப் பத்திரத்தை வாசித்துப் பார்த்துக் கொடுத்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அது இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. ஆனால் அது எங்கள் வாகனத்தால் பாதிக்கப்படும் மற்றவருக்கானது. சொந்த வாகனம் நொருங்கினாலோ களவுபோனாலோ முழுக் காப்புறுதிதான் உதவும். போரில் எல்லாம் இழந்து ஒரு முச்சக்கரவண்டியை நம்பி வாழும் குடும்பம், லீசிங் முடிந்ததும் செலவைக் குறைக்க மூன்றாம் தரப்புக்கு மாறமுன் இதை யோசிக்கவேண்டும்.

முழுக் காப்புறுதி இருந்தாலும், ஓட்டுபவரிடம் இங்கு செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லையென்றால் இழப்பீடு மறுக்கப்படலாம். வெளிநாட்டு அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது; மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதிப்பத்திரம் போன்ற உள்ளூர் அங்கீகாரமும் வேண்டும்.

நாங்கள் வெளிநாடு போனால், இங்கு கட்டிய காப்புறுதி கூடவராது. பிரித்தானியாவுக்குச் சுற்றுலா செல்பவர் இலங்கை அனுமதிப்பத்திரத்துடன் 12 மாதங்கள் வரை கார் ஓட்டலாம். ஆனால் மச்சானின் காரை எடுக்கமுன், அவருடைய காப்புறுதியில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

திறப்பு கைமாறமுன் பத்திரத்தில் மூன்றைப் பாருங்கள்: காப்புறுதியின் வகை, முடியும் திகதி, யார் ஓட்டலாம் என்ற நிபந்தனை.