'போயிட்டு வாறன்' எண்டதை இங்கிலிஷில சொன்னால்

'ஐ வில் கோ அண்ட் கம், சேர்' என்று சொல்லிவிட்டு நேர்முகப் பரீட்சை அறையை விட்டு வெளியே வந்த எங்கள் நண்பருக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டதாம். வேலையும் கிடைக்கவில்லை.

அவர் விட்ட பிழைதான் என்ன? எங்கட வீடுகளில் ஒருத்தரும் 'போறன்' எண்டு சொல்லிப்போட்டுப் படியிறங்கிறதில்லை. சிங்களத்திலும் 'கிஹின் என்னம்' என்பார்கள். இரண்டு மொழிகளின் பழக்கமும் ஒரு ஆங்கில வசனத்துக்குள் வந்து குந்தியிருக்கிறது. அவ்வளவுதான்.

இந்தச் சிரிப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1833 கோல்புறூக் – கமரன் சீர்திருத்தங்களுக்குப் பிறகு ஆங்கிலம் அரச உத்தியோகத்துக்கான கதவானது. யாழ்ப்பாணத்தில் அதற்கு முன்னமே, 1823 இல், அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியிருந்தார்கள். அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளைதான் பின்னாளில் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். ஆகவே ஆங்கிலம் படித்தால் தமிழ் போய்விடும் என்று நாங்கள் சொல்லவரவில்லை. அந்தக் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

1956 இன் சிங்களம் மட்டும் சட்டம் ஆங்கிலத்தை அரச கரும மொழி என்ற இடத்திலிருந்து இறக்கியது. அந்த இடத்தில் தமிழுக்குப் பங்கு கிடைக்கவில்லை; ஆங்கிலத்தின் அதிகாரமும் குறையவில்லை. பல்கலைக்கழகங்களில் சிங்கள மாணவர்கள் அதற்கு வைத்த பெயர் 'கடுவ', அதாவது வாள். மொழியியலாளர் திரு கந்தையா 1984 இல் அந்தப் பெயரையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார். 1987 இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. ஆனால் வாள் உறைக்குள் போகவில்லை.

2007 இல் மைக்கல் மெய்லர் இலங்கை ஆங்கிலத்துக்கென்றே ஒரு அகராதி வெளியிட்டார். 'ஷோர்ட் ஈற்ஸ்' போன்ற எங்கட சொற்களுக்கு அகராதியில் இடம் கிடைத்தது நல்ல விசயம்தான். ஆனால் அந்த இலங்கை ஆங்கிலத்துக்குள்ளேயும் மேல், கீழ் இருக்கிறது. கொழும்பு மேட்டுக்குடி உச்சரிப்பு வராதவர்களை 'நொட்-பொட்' என்று நையாண்டி பண்ணுகிறவர்களும் இலங்கையர்தான். அதைச் செய்ய வெள்ளைக்காரன் தேவையில்லை.

எங்கள் நண்பருக்கு அடுத்த நேர்முகம் வருகிறது. இந்த முறை என்ன சொல்லிட்டு வெளிக்கிடுறது எண்டு கேட்டார். 'தாங்க் யூ எண்டு மட்டும் சொல்லிட்டு வாங்கோ' எண்டுதான் நாங்களும் சொன்னோம். இவ்வளவும் எழுதிப்போட்டு அப்பிடிச் சொன்னதில எங்களுக்கு வெட்கம்தான்.