நெடுந்தீவு: குதிரையும் குமுதினியும்

யாழ்ப்பாணம் போறவங்க பெரும்பாலும் நயினாதீவு போயிட்டு "தீவு பார்த்தாச்சு"ன்னு திரும்பிடறாங்க. நெடுந்தீவுக்கும் படகு ஏறும் இடம் அதேதான், புங்குடுதீவில் இருக்கிற குறிகட்டுவான் இறங்குதுறை. நாகபூஷணி அம்மன் கோயிலுக்கும் நாக விகாரைக்கும் போற கூட்டம் சீக்கிரமே இறங்கிடும். நெடுந்தீவுக்கோ திறந்த கடல்ல சுமார் ஒரு மணி நேரம் ஆடிக்கிட்டே போகணும். காத்து பலமா இருந்தா படகே போகாது. சில வருஷங்களுக்கு முன்னாடி நான் போனப்போ, படகுல வெளியூர்க்காரங்கன்னு பார்த்தா நானும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருத்தரும்தான். மத்தவங்க எல்லாம் அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூடப் பை சகிதம் வீட்டுக்குப் போறவங்க.

போக நினைக்கிறவங்களுக்கு முதல்ல ரெண்டு விஷயம். குடிக்கிற தண்ணியைக் கையோட கொண்டு போங்க. தீவுல பல கிணறுகள் உவர் தண்ணி. ரெண்டாவது, திரும்பி வர்ற படகு எத்தனை மணிக்குன்னு இறங்கும்போதே கேட்டுக்குங்க. சுத்திப் பார்க்க ஆட்டோ கிடைக்கும். ஓட்டல், லாட்ஜ்னு பெருசா எதையும் எதிர்பார்க்காதீங்க.

இனி சரித்திரம்.

சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரப்பு. மேடு பள்ளமே இல்லாத தட்டையான முருகைக்கல் பூமி. வேலிக்குப் பதிலா சாந்து பூசாம அடுக்கின கல் மதில்கள், அதுக்குப் பின்னால பனை. போர்த்துக்கீசியர் இதுக்கு வச்ச பேர் 'பசுக்களின் தீவு'. 1619ல் யாழ்ப்பாண ராஜ்ஜியத்தையே முழுங்கினவங்களுக்கு இந்தத் தீவு மேய்ச்சல் நிலமாத்தான் தெரிஞ்சிருக்கு! 1658ல் வந்த டச்சுக்காரங்க தங்கள் ஊர்ப் பேரையெல்லாம் தீவுகளுக்கு வச்சாங்க. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆச்சு, வேலணை லெய்டன் ஆச்சு, நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆச்சு. முதல் ரெண்டு பேரும் இன்னைக்குப் புத்தகத்துல மட்டும்தான். டெல்ஃப்ட் மட்டும் அரசாங்கக் காகிதத்துல இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஊர்க்காரங்க என்னவோ நெடுந்தீவுன்னுதான் சொல்றாங்க.

1795ல் பிரிட்டிஷ்காரங்க முறை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல நோலன் என்கிற படை அதிகாரி பொறுப்புல இங்கே குதிரை வளர்த்தாங்க. அந்த லாயத்தோட தூண்கள் இன்னமும் நிக்குது. அதிகாரிகள் போயிட்டாங்க, குதிரைகள் தங்கிடுச்சு. இன்னைக்கு வெட்டவெளியில கூட்டமா மேயற கட்டைக்குதிரைகள் அந்த அந்நியர் காலத்து மிச்சம்தான். சொந்தக்காரர் கிடையாது, லாடம் கிடையாது. மழை பொய்த்த வருஷங்கள்ல தண்ணி இல்லாம செத்தும் போயிருக்கு.

இடிஞ்ச கோட்டை ஒண்ணு இருக்கு. ஒல்லாந்தர் கோட்டைன்னு பேர், ஆனா கட்டினது போர்த்துக்கீசியர்னு சொல்றவங்களும் உண்டு. புறாக்கூடு ஒண்ணு இருக்கு, சேதி அனுப்பற புறாக்களை அதுலதான் வளர்த்தாங்களாம். உள்ளே ஆள் நுழையற அளவு பொந்து விட்ட பெருக்குமரம் ஒண்ணும் இருக்கு. படம் எடுத்துத் தள்ளினேன்.

ஆட்டோ ஓட்டின தம்பிகிட்ட, நாங்க வந்த படகைப் பத்திப் பேச்சுக் கொடுத்தப்போ குமுதினின்னு ஒரு படகு பேர் அடிபட்டுச்சு. "குதிரை பாக்கத்தான் அண்ணை எல்லாரும் வருவினம். குமுதினியைப் பற்றி ஆர் கேக்கினம்?" என்றார். ஆட்டோ நேரா மாவிலித்துறைப் பக்கம் இருக்கிற நினைவுத்தூபிக்குப் போய் நின்னுது.

1985 மே 15. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கிளம்பிய குமுதினி படகை நடுக்கடலில் மறித்து ஏறினார்கள். பயணிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வெட்டினார்கள். பெண்கள், குழந்தைகள் என்று பார்க்கவில்லை. குறைந்தது 23 பேர் என்றது அம்னெஸ்டி இண்டர்நேஷனல். தீவில் சொல்லும் கணக்கு 30க்கும் மேல். வந்தவர்கள் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சொன்னார்கள், அரசு மறுத்தது.

இதுல எனக்கு ஜீரணிக்கவே முடியாத விஷயம் அடுத்தது. அந்தப் படகைப் பழுதுபார்த்து மறுபடியும் ஓட விட்டாங்க. வேற வழி? ஆஸ்பத்திரியோ, மேல்படிப்போ, கச்சேரியில ஒரு கையெழுத்தோ, எல்லாத்துக்கும் கடல் தாண்டித்தானே ஆகணும். உறவுக்காரங்க வெட்டுப்பட்ட அதே பலகையில உக்காந்து, வருஷக்கணக்கா அதே கடலைத் தாண்டியிருக்காங்க.

ஆண்டவங்களுக்கு இந்தத் தீவு மேய்ச்சல் நிலம், குதிரை லாயம், புறாக்கூடு. சரித்திரம்னு நமக்குக் காட்டறதும் அவங்க விட்டுப்போன கல்லும் குதிரையும்தான். இங்கேயே பொறந்து இருக்கிறவங்களோட சரித்திரம் எல்லாம் ஒரு படகுல இருக்கு. படகு வருமா, எப்ப வரும், ஏறினா போய்ச் சேருவோமா... இந்த மூணு கேள்விதான். இன்னைக்குத் தீவுல இருக்கிறவங்க ஐயாயிரத்துக்கும் குறைவு. ஊரைவிட்டு ஏன் போனாங்கன்னு தனியா ஆராய்ச்சி வேணுமா என்ன?

குதிரை பாருங்க, கோட்டை பாருங்க, வேண்டாம்னு சொல்லலை. துறையில் இறங்கினதும் அந்தத் தூபிகிட்ட ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போங்க.

நெடுந்தீவுக்காரங்க யாராவது வாசிச்சா, குமுதினியில போய் வந்த கதையை எழுதுங்களேன். பெரிய கதையா இருக்கணும்னு இல்லை. பரீட்சைக்குப் போனது, கல்யாணச் சாமான் வாங்கப் போனது... எதுவானாலும் சரி.