பட்டணத்தில் குடிவைத்த இடம்

பிழைப்புக்காகப் பட்டணம் வந்த நம் முன்னோர் குடும்பத்தை எங்கே குடிவைத்தார்கள்? சென்னைத் தெருக்கள் இருவேறு விடை தருகின்றன.

1768-ல் நவாப் முஹம்மது அலி வாலாஜா சேப்பாக்கத்தில் அரண்மனை கொண்டார். அவரை அண்டி வாழ்ந்த எழுத்தர்களும் ஹகீம்களும் உலமாக்களும் திருவல்லிக்கேணியில் குடியேறினர். 1795-ல் வாலாஜா பள்ளிவாசல் எழுந்தது. 1855-ல் நவாபு பட்டம் ஒழிந்தது. பின்னர் அரண்மனையும் சர்க்கார் கைக்குப் போயிற்று. பள்ளிவாசல் நின்றது, அதைச் சுற்றிய குடிகளும் நின்றன.

தமிழ் பேசும் மரக்காயர்களோ கடலை நம்பியவர்கள். துறைமுகத்தை அடுத்த மண்ணடியே அவர்களுக்கு வாய்ப்பாயிற்று. கடையிலிருந்து பாங்கொலி கேட்கும். ஆனால், உள்ளதைச் சொல்லிவிடுவோம்: மனைவி மக்கள் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இருக்க, மண்ணடியில் தனியே காலம் கழித்த வாப்பாமார் பலர்.

குடும்பத்தோடு வர நினைத்தபோதுதான் கணக்கு மாறியது. 1951-ல் இராயப்பேட்டையில் புதுக்கல்லூரி தோன்றிற்று. 1955-ல் நீதிபதி பஷீர் அகமது சயீதின் முயற்சியால் தேனாம்பேட்டையில் பெண்களுக்கென எஸ்.ஐ.ஈ.டி. கல்லூரி வந்தது. குமர்ப்பிள்ளையைத் தொலைதூரம் பஸ்ஸில் அனுப்பத் தயங்கிய தாய்மார்க்கு, வீடு எங்கே என்பதும் மகள் படிப்பாளா என்பதும் ஒரே கேள்வியாயின. மண்ணடியில் இருந்தால் கடை அருகு, கல்லூரி தூரம். கடைக்கு வாப்பா பஸ் ஏறிப் போகட்டும், கல்லூரிக்கு மகள் நடந்து போகட்டும் என்று தீர்த்துக்கொண்ட வீடுகளும் நம்மிடையே உண்டு.