முதலெழுத்தில் ஒரு தாய்

கே.பி.சுந்தராம்பாள் என்ற பெயரை நம்மில் பலர் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். அதிலுள்ள 'பி' யாருடையது என்று கேட்டவர்கள் குறைவு. 'கே' கொடுமுடி. 'பி' பாலாம்பாள், அவருடைய அம்மா. எஸ்.ஜி.கிட்டப்பாவின் 'எஸ்' செங்கோட்டை, 'ஜி' அவருடைய தகப்பனார் கங்காதர ஐயர். 1927இல் இருவரும் மணந்துகொண்ட பிறகும் சுந்தராம்பாள் தன் முதலெழுத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த இருவரின் கதையைச் சொல்பவர்கள் 'கிட்டப்பா - சுந்தராம்பாள்' என்ற வரிசையிலேயே சொல்கிறார்கள். இந்த வரிசை எப்படி உண்டானது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நான் திருப்பூர்க்காரி. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள் பனியன் கம்பெனிக்குப் போயிருக்கிறார்கள். ஒரு சட்டை கட்டிங்கிலிருந்து பவர் டேபிளுக்குப் போய், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று எத்தனையோ கை மாறுகிறது. கடைசியில் கழுத்துப்பட்டியில் இருப்பது ஒரே ஒரு பெயர். 'இதைச் செய்தது யார்?' என்பது நான் கலை வரலாறு படிக்கப் போய்க் கற்றுக்கொண்ட கேள்வி அல்ல, வீட்டிலேயே இருந்த கேள்வி.

சுந்தராம்பாளின் மேடையும் பல கைகள் சேர்ந்த இடம்தான். அது 'ஸ்பெஷல் நாடகம்' கோலோச்சிய காலம். நடிகர்கள் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. தனித்தனியாக ஒப்பந்தமாகி வந்து, ஒத்திகை இல்லாமல் மேடையேறுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' போன்ற பிரதிகள் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் கதை தடம் மாறாது. ஆனால் வேலனும் வள்ளியும் மோதிக்கொள்ளும் தர்க்கம் எவ்வளவு நேரம் நீளும், எந்தப் பாட்டுக்கு எந்தப் பாட்டு பதிலாக வரும் என்பதெல்லாம் அன்றைய இரவில்தான் முடிவாகும். ஹார்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் அந்த நொடியில் பின்தொடர வேண்டும். கிட்டப்பாவின் அண்ணன் காசி ஐயரே பேர்பெற்ற ஹார்மோனியக்காரர்.

இப்படிப்பட்ட மேடையில் ஒருவர் பாடியது மற்றவர் பாடப்போவதைத் தீர்மானிக்கிறது. ஒலிபெருக்கி இல்லாத நாட்களில் கடைசி வரிசைவரை எட்டும் குரல் கிட்டப்பாவுக்கு இருந்தது. அதற்கு ஈடுகொடுக்கும் குரல் சுந்தராம்பாளுக்கும் இருந்ததால்தான் கூட்டம் வந்தது. எதிரே நிற்பவர் சளைத்தால் தர்க்கம் என்ற வடிவமே சரிந்துவிடும். ஆகவே வேலனின் வெற்றியில் பாதி வள்ளி உண்டாக்கியது. ஆனால் அந்த நேரத்தில் பிறந்த பதில்களுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. பிரதிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர் நின்றது, குரலுக்குக் கிட்டப்பாவின் பெயர் நின்றது. வள்ளியின் சாமர்த்தியம் 'பொருத்தமான ஜோடி' என்ற சொல்லுக்குள் அடங்கிப்போனது.

இருவரும் சந்தித்தது 1926இல், இலங்கை மேடையில். சுந்தராம்பாள் அப்போதே சிறுமிப் பருவத்திலிருந்து மேடையில் உழைத்து, தன் பெயருக்கே கூட்டம் சேர்க்கக்கூடியவராக இருந்தார். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். அன்றைய சட்டம் இந்து ஆணின் இரண்டாம் திருமணத்தைத் தடுக்கவில்லை. சென்னை மாகாணத்தில் அதற்குத் தடை வந்தது 1949இல்தான். மேடையில் சரிநிகராக நின்ற பெண், வீட்டுக் கணக்கில் இரண்டாவதாக நின்றார். பின்னாளில் அச்சான அவருடைய கடிதங்களில், கணவர் விலகிப் போனதன் வலியும் கோபமும் நியாயம் கேட்கும் குரலும் இருக்கின்றன. அவற்றைக் காதல் கடிதங்கள் என்று மட்டும் வாசிப்பது போதாது. தொழிலில் தோள்கொடுத்த ஒருத்தி, வாழ்க்கையில் தன் இடம் என்ன என்று கேட்கும் ஆவணங்களும் அவை.

1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. சுந்தராம்பாள் வெள்ளை உடுத்தினார். இனி ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். வழக்கமான கதை இங்கே முடிகிறது: கற்புக்கரசி, தீராத துயரம். எனக்கு இங்கேதான் கதை தொடங்குவதாகத் தோன்றுகிறது. கைம்பெண் வெளியே வருவதே அபசகுனம் என்று நினைத்த சமூகத்தில் அவர் மீண்டும் பாட வந்தார். 1935இல் வெளியான 'பக்த நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார். அன்று அது மலைக்கவைத்த தொகை. நடித்ததோ ஆண் வேடத்தில், நந்தனாராக. பிறகு 1953இல் 'ஔவையார்'. 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவை. ஜோடி தேவைப்படாத பாத்திரங்கள். அவர் துக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த முடிவுக்குப் பிறகு எந்தக் கதாநாயகனின் பெயருக்குப் பின்னாலும் அவர் பெயர் நிற்க வேண்டியிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். துக்கம் அவருக்கு ஒரு வாசலை அடைத்தது, அதே துக்கம் தனியாக நிற்பதற்கான அனுமதியையும் தந்தது.

இது தமிழ் மேடைக்கு மட்டும் உரிய கதை அல்ல. அமெரிக்க ஜாஸ் இசையில் லில் ஹார்டின் என்ற பியானோ கலைஞர் இருந்தார். சிகாகோவில் கிங் ஆலிவரின் குழுவில் லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு சேர்ந்து வாசித்தார். 1924இல் இருவரும் மணந்துகொண்டனர். ஆலிவரின் நிழலிலிருந்து வெளியே வரும்படி லூயியைத் தூண்டியவர் லில். 1925இல் தொடங்கிய 'ஹாட் ஃபைவ்' ஒலிப்பதிவுகளில் பியானோ அவருடையது, சில பாடல்களை இயற்றியவரும் அவரே. இசைத்தட்டில் அச்சானதோ 'லூயி ஆம்ஸ்ட்ராங்கும் அவருடைய ஹாட் ஃபைவும்'. 1938இல் மணமுறிவு. 1971இல் லூயி இறந்த அடுத்த மாதம், அவருக்கான நினைவு நிகழ்ச்சியில் வாசித்துக்கொண்டிருந்தபோதே லில் சரிந்து விழுந்து இறந்தார். இன்றும் பலர் அவரை 'ஆம்ஸ்ட்ராங்கின் மனைவி' என்றே தொடங்குகிறார்கள்.

இரண்டு இடங்களிலும் காதல் கதை தொழிலை விழுங்கிவிடுகிறது. மனைவி என்ற சொல் வந்ததும், அவள் செய்த வேலை உதவியாகவும் தியாகமாகவும் மாறிவிடுகிறது. எங்கள் ஊரிலும் இதைப் பார்க்கலாம். கணவனும் மனைவியுமாக நான்கு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்வார்கள். ஊருக்கு அது 'அவர் யூனிட்'. கணக்கெழுதி, ஆள் பிடித்து, ராத்திரி ஓவர்லாக்கில் உட்கார்ந்தவள் 'அவருக்கு ஒத்தாசை'.

கலை வரலாறு எழுத வரும் மாணவிகளிடம் நான் கேட்பது இதுதான். ஒரு ஜோடியைப் பற்றியோ குழுவைப் பற்றியோ எழுதும்போது, யார் யாரை நேசித்தார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். யாருக்கு எவ்வளவு சம்பளம், ஒப்பந்தம் யார் பெயரில், நோட்டீஸில் எந்தப் பெயர் பெரிய எழுத்தில், எதிர்ப்பாட்டை யோசித்தவர் யார் என்று கேளுங்கள். வரிசையை ஒருமுறை மாற்றியும் எழுதிப் பாருங்கள்: சுந்தராம்பாள் - கிட்டப்பா. படிக்க இடறினால், அந்த இடறல் எங்கிருந்து வருகிறது என்று அடுத்த பக்கத்தில் எழுதுங்கள்.